பெண் பார்க்கப் போன பிக்கப்

நேற்று அல்லிநகரத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது ரப்பர் கருகும் வாடை வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கோ பசி எடுத்தது. காரணம் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

கல்யாணத்துக்கு முன்னால் கோம்பையில் எனக்கு ஒரு பிக்கப் இருந்தது. தக்காளி, தேங்காய், திராட்சை எல்லாம் ஏற்றியிருக்கிறேன். திராட்சை லோடு இறக்கிய பிறகும் ஈக்கள் ஒரு வாரம் கூடவே பயணம் செய்யும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த வண்டியில் பெல்ட் மாற்றுவது போல ஒரு பிடுங்கல் கிடையாது. தண்ணீர் பம்பைச் சுழற்றுகிற பெல்ட், வேறு இரண்டு பெல்ட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். முன்னால் உள்ள இரண்டையும் கழற்றி, அடியில் மல்லாந்து படுத்து, டைனமோ போல்ட்டைத் தடவித் தடவி லூஸ் பண்ண வேண்டும். கண்ணால் பார்த்தால் கை போகாது. கை போனால் கண்ணுக்குத் தெரியாது. பெல்ட் இல்லாமல் ஓட்டினாலோ இன்ஜின் கொதித்துவிடும். அதனால் சீட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு ஸ்பேர் பெல்ட் கிடக்கும்.

எனக்குப் பெண் பார்க்கக் கெங்குவார்பட்டிக்குக் கிளம்பிய அன்று மட்டும் அது கிடக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, வைத்ததுதான் சட்டம். "நல்ல காரியத்துக்குப் போற வண்டியில கறுப்பா ஒண்ணும் இருக்கப்படாது" என்று சொல்லிவிட்டாள். பெல்ட், டூல்ஸ் பை, கிரீஸ் டப்பா எல்லாம் வீட்டில் இறங்கின. பின்னால் ஜமக்காளம் விரித்துச் சொந்தபந்தம் ஏறியது. டயர் நான்கும் கறுப்புதான். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பெண் பெயர் சுமதி. காபி கொடுத்தபோது குனிந்த தலை நிமிராமலெல்லாம் இல்லை. நேராக என் முகத்தைப் பார்த்தாள். எனக்குப் பிடித்துப்போயிற்று. சாமி சத்தியமாகப் பிடித்துப்போயிற்று. அத்தைக்குத்தான் பிடிக்கவில்லை.

"ஒன்னவிட ஒரு வெரக்கட ஒசரம்லே" என்று என் காதில் சொன்னாள். பிறகு எல்லோரையும் பார்த்து, "ஊருக்குப் போயிச் சொல்லி விடுறோம்" என்றாள். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

தெருமுனை தாண்டவில்லை. கிரீச்சென்று கத்தி, கருகி, பெல்ட் அறுந்தது. எல்லோருமாகத் தள்ளி, திரும்பவும் பெண் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினோம். இதைவிட மானக்கேடு உண்டா? சுமதியின் அண்ணன் எனக்கு ஸ்பேனரை இரவல் கொடுத்துவிட்டு, வத்தலக்குண்டுக்கு பைக்கில் போய்ப் பெல்ட் வாங்கி வந்தார். அளவு பத்தவில்லை. மறுபடியும் போனார்.

உச்சி வெயில். உள்ளே சாம்பார் கொதித்தது. சம்பந்தம் முடிவாகாத வீட்டில் கை நனைக்கக் கூடாது. சாப்பிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும். எங்கள் ஆட்கள் வேப்பமர நிழலில் வீறாப்பாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தை காலையில் சுகர் மாத்திரை போட்டிருந்தாள். அவளுக்குக் கை நடுங்கி, முகமெல்லாம் வேர்த்துவிட்டது. சுமதி தட்டில் சோறு போட்டு எடுத்துவந்தாள்.

"மாத்திர போட்டவுக வெறும் வயித்தோட இருக்கப்படாது. சாப்புடுங்க ஆத்தா. நாங்க இதக் கணக்குல சேத்துக்க மாட்டோம்."

வண்டிக்கு அடியில் கிடந்த எனக்கு இருவரின் கால்கள் மட்டும் தெரிந்தன. பிறகு அத்தை ரசம் கேட்டாள். மோர் கேட்டாள். கடைசியாக என்னைக் கூப்பிட்டாள்.

"ஏலே, கெடந்தது போதும். கையக் கழுவிட்டு வந்து சாப்புடு. ஒசரத்த வச்சு என்னத்தப் பண்ண, மனுச மக்க அருமை தெரிஞ்ச புள்ள."

எழுந்த வேகத்தில் தலையைச் சேஸிஸில் இடித்துக்கொண்டேன். வலிக்கவே இல்லை.

அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள். பிக்கப்பும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. போன மாதம் எங்கள் மகளைப் பார்க்க மதுரையிலிருந்து வந்தார்கள். அருமையான கார், இன்ஜின் ஓடுகிறதா என்று காதை வைத்துத்தான் கேட்க வேண்டும். காபியைப் பாதி குடித்துவிட்டு, "போன் பண்றோம்" என்று எழுந்தார்கள். மகள் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒரு மத்தியானம் கூட இருந்து பார்த்திருந்தால் அவளை விட்டிருக்க மாட்டார்கள். பெற்றவன் அப்படித்தான் சொல்வான், இருந்தாலும் சொல்கிறேன்.

கார் போன திக்கையே பார்த்துக்கொண்டு சுமதி வாசலில் நின்றாள்.

"ஏங்க, இப்ப வர்ற வண்டியில பெல்ட்டெல்லாம் அந்து போகாதா?"

"போகாது" என்றேன்.

ஒரு நம்பிக்கையில் அவள் கூடுதலாக வடித்து வைத்திருந்த சோற்றை நாங்கள் மூன்று பேரும் ராத்திரியும் சாப்பிட்டோம்.