அப்பா கேட்ட வாக்குமூலங்கள்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இன்று வீட்டுக்கு வந்து, இலையில் உட்கார்ந்து, கையில் இந்த நினைவு மலரையும் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் அப்பாவைத் தெரியும். ஆகையால் அப்பாவைத் தங்கமானவர், தர்மவான் என்றெல்லாம் எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. அப்பாவுக்கே அது பிடிக்காது. "நடந்தத எழுது, நெனச்சத எழுதாத" என்பார்கள். மூத்த மகள் என்ற உரிமையில் நடந்ததை எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது சுந்தரபாண்டியபுரத்துக்குத் தெற்கே உள்ள எங்கள் சிற்றூரில். சூரியகாந்தி பூக்கும் மாதத்தில் போட்டோ எடுக்க வருகிறவர்கள் இப்போது எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறார்கள். அப்பாவின் சிறு வயதில் அந்தப் பக்கம் யாரும் சும்மா வந்ததில்லை. தாத்தா காலமானபோது அப்பாவுக்குப் பதினோரு வயது. பெரியப்பா தன் படிப்பை விட்டுவிட்டு ஏர் பிடித்தார்கள், தம்பியைப் படிக்க அனுப்பினார்கள். போலீஸ் தேர்வுக்கு அப்பா திருநெல்வேலிக்குப் புறப்பட்ட அன்று தன்னுடைய செருப்பைக் கழற்றி அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு வயலுக்குப் போனவர்கள் பெரியப்பா. இதை அப்பா சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பா வேலை பார்க்காத ஊர் இந்தப் பக்கத்தில் குறைவு. ஆலங்குளத்தில் இருந்தார்கள். குற்றால சீசனில் அருவிக்கரையில் விசில் ஊதி, நாள் முழுக்கச் சாரலில் நனைந்து, ஜலதோஷத்தோடு வீட்டுக்கு வருவார்கள். "ஊரெல்லாம் காசு செலவு பண்ணி நனைய வருதான், எனக்கு கவர்மெண்டு சம்பளம் குடுத்து நனைக்குது" என்று சிரிப்பார்கள். ஆனால் அதிக வருடம் பார்த்தது ரைட்டர் வேலை. காவல் நிலையத்தில் புகாரையும் வாக்குமூலத்தையும் எழுதுகிற ஏட்டையாவைத்தான் ரைட்டர் என்பார்கள். எழுதி முடித்ததும் சொன்னவருக்கே அதைப் படித்துக் காட்ட வேண்டும். அவர் "சரி" என்றால்தான் கையெழுத்து. அவசரத்தில் இந்தப் படித்துக் காட்டுகிற வேலையைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. அப்பா ஒரு நாளும் தாண்டியதில்லை.

ஒரு முறை ஒரு பெண் நிலையத்துக்கு வந்தார். வரப்புத் தகராறில் கணவனை இழந்தவர். "என்ன நடந்ததும்மா?" என்று கேட்டதும் அவர் தரையில் உட்கார்ந்து, நடந்தது முழுவதையும் ஒப்பாரியாகவே சொன்னாராம். யார் முதலில் கை ஓங்கியது, எந்த மரத்தடியில் விழுந்தார், தண்ணீர் கேட்டபோது யார் கொடுக்கவில்லை, எல்லாம் பாட்டில் இருந்தது. அப்பா அதை "மேற்படி நபர் மேற்படி இடத்தில்" என்று இரண்டு பக்கம் எழுதிப் படித்துக் காட்டினார்கள். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அய்யா, நான் சொன்னது இது இல்லையே" என்றாராம். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று தான் எழுதியது அத்தனையும் உண்மைதான், ஆனாலும் அது அந்த அம்மாள் சொன்னது இல்லை என்று பல வருடம் கழித்தும் எங்களிடம் சொல்வார்கள்.

ஓய்வு பெற்ற மறு மாதமே ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி வாங்கினார்கள். நடவுப் பாட்டு, கும்மி, தாலாட்டு, ஒப்பாரி, யார் எந்த ஊரிலிருந்து வந்து எங்கே முதல் குடிசை போட்டார்கள் என்ற கதை, எல்லாவற்றையும் சொல்கிறவர்கள் குரலிலேயே பதியப் போவதாக அறிவித்தார்கள். "பென்ஷன் வாங்கிட்டு சும்மா இருக்க மாட்டாவளா இந்த மனுசன்?" என்று அம்மா கேட்டார்கள். சும்மா இருக்கவில்லை.

முதல் நாள் எங்கள் ஊர்க் கீழத்தெருவில் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனார்கள். பேச்சியம்மாள் நடவுக்குப் போகிறவர், நூறு நாள் வேலையிலும் இருக்கிறவர், பாட்டில் கெட்டிக்காரி. அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கருவியைத் தட்டிவிட்டு, "பேரு சொல்லு. தகப்பனார் பேரு? வயசு? கதவு நம்பர்?" என்று ஆரம்பித்திருக்கிறார்கள். அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது. பேச்சியம்மாள் நடுங்கிப்போய், "நேத்து வேலைக்கு நேரங்கழிச்சுப் போனது நெசந்தான்யா. அதுக்கா போலீசு வந்திருக்கு?" என்கிறார். பிறகு பாட்டு எதுவும் இல்லை. அப்பா தொண்டையைச் செருமுவது மட்டும் கேட்கிறது. அதைப் போட்டுக் கேட்டு நாங்கள் எத்தனை முறை சிரித்திருப்போம்! அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்கள்.

நாலைந்து மாதத்தில் பழகிக்கொண்டார்கள். முதலில் தண்ணீர் வாங்கிக் குடிப்பது, பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பது, அதற்குப் பிறகுதான் கருவி. ஒப்பாரி மட்டும் வீட்டுக்குள் பதிய முடியாது. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடினால் ஆகாது என்று பெண்கள் மறுத்துவிடுவார்கள். அதனால் குளத்தங்கரைக்குப் போய்ப் பதிவார்கள். பதிந்ததை நம் வீட்டில் கேட்கவும் அம்மா விடமாட்டார்கள். "வெளக்கு வைக்கிற வீட்டுல அந்த சத்தம் கேக்கப்படாது, ஆமா" என்று ஒரே போடு. அப்பா வாசலுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு கேட்பார்கள். கண்ணீர் வழியும். தெருவில் போகிறவர்கள் உள்ளே வந்து, "ஏட்டையாவுக்கு என்ன, வீட்டுல சண்டையா?" என்று அம்மாவிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

எந்தப் பதிவானாலும் கடைசியில் அந்தப் பழைய வழக்கம் மாறவில்லை. முழுவதையும் சொன்னவருக்கே போட்டுக் காட்டி, "நீங்க சொன்னது இதானா?" என்று கேட்பார்கள். "சரி" என்று வந்தால்தான் நோட்டில் எழுதுவார்கள். வராதவற்றுக்கு எதிரே "ஒப்புதல் ஆகவில்லை" என்று சிவப்பு மையில் எழுதி மூடி வைத்துவிடுவார்கள். அவற்றை யாருக்கும் கொடுத்ததில்லை, போட்டுக் காட்டியதும் இல்லை.

இனி எழுதப் போவதை எழுத வேண்டாம் என்று உறவில் சிலர் சொன்னார்கள். எழுதாவிட்டால் அப்பாவைப் பற்றி எழுதியதாகவே ஆகாது.

எங்கள் ஊரின் முதல் கிணற்றை வெட்டியது நம் பூட்டனார் என்று உறவுக்காரர்கள் நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தோம். ஜோடி மாட்டோடு வந்து, பொட்டல் காட்டில் கிணறு வெட்டி, ஊரை உண்டாக்கினார் என்பது நம் வீட்டுக் கதை. அம்மன் கோயில் கொடை விழாவில் முதல் திருநீறு நம் குடும்பத்துக்கு வருவதும் அதனால்தான். ஒரு நாள் பேச்சியம்மாள், தன் தாயார் நடவில் பாடிய கிணற்றுப் பாட்டை அப்பாவுக்குப் பாடினார். கிணறு வெட்டியவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்கிற பாட்டு அது. எல்லாம் கீழத்தெருக்காரர்கள் பெயர்.

கல்லு பொளந்த கையி – அது
மூக்கன் கையி, மூத்த கையி
மண்ணு சொமந்த தல – அது
காளி தல, மசக்கத் தல

கடைசியில் இப்படி முடிகிறது:

தண்ணி கண்ட மறுநாளு
மாடு பத்தி வந்தவுகளே
வாங்க சாமி வாங்க – வந்து
வாய் நனச்சுக் குடியிருங்க

பாடிவிட்டுத்தான் பேச்சியம்மாளுக்கு உறைத்திருக்கிறது. "அய்யா, இது உங்க வீட்டயில்லா சொல்லுது. அழிச்சிருங்கய்யா" என்று பதறுகிறார். அப்பா கருவியை நிறுத்தவில்லை. பிறகு, "நீங்க கேட்டதத்தான பாடுனீங்க?" என்று கேட்கிறார்கள். "எங்கம்மா பாடுனது அப்படித்தான்." "அப்ப அது அப்படியே இருக்கட்டும். சரியான்னு மட்டும் சொல்லுங்க." பேச்சியம்மாள் சரி என்றார்.

செய்தி பெரியப்பா காதுக்குப் போக ஒரு நாள்கூட ஆகவில்லை. அன்று பெரியப்பா நம் வீட்டு முற்றத்தில் நின்று பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"ஏலே, ஒனக்கு புத்தி பெரண்டுட்டா? அந்தப் பாட்டு வெளிய போனா கோயில்ல நமக்கு என்ன மரியாத இருக்கும்? இப்பவே அழி."

அப்பா எழுந்து நின்றார்கள். பெரியப்பா முன்னால் அப்பா ஒரு நாளும் உட்கார்ந்து பேசியதில்லை. "அண்ணாச்சி, ஒருத்தர் சொன்னதுல நான் இன்னைக்கு வரைக்கும் ஒரு வரி அடிச்சதில்ல. நம்ம வீட்டுக்குன்னு இப்ப அடிச்சா, முன்ன எழுதுனதுக்கெல்லாம் என்ன மதிப்பு? நீங்களும் நம்ம கதயச் சொல்லுங்க. அதயும் பதியுதேன். ரெண்டும் இருக்கட்டும்."

பெரியப்பா சம்மதித்து உட்கார்ந்தார்கள். நம் வீட்டுக் கதையைக் கம்பீரமாகச் சொன்னார்கள். முடித்ததும் அப்பா, எல்லோரிடமும் கேட்பதுபோலக் கேள்வி கேட்டார்கள்.

"இத யாரு சொல்லிக் கேட்டீங்க அண்ணாச்சி?"

"நம்ம அய்யா சொன்னாவ."

"பூட்டனார் எங்க இருந்து வந்தாவ?"

"வடக்க. திருவேங்கடம் பக்கம்."

"எதுக்கு அங்கன இருந்து இங்கன வந்தாவ?"

"அங்கன குடிக்கத் தண்ணி இல்ல. இங்கன கெணத்துல தண்ணி கெடக்குன்னு கேள்விப்பட்டு…"

அதோடு பேச்சு நின்றுவிட்டது. பெரியப்பா அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. வழக்கம்போலப் பதிவைப் போட்டுக் காட்டி, "நீங்க சொன்னது இதானா அண்ணாச்சி?" என்றார்கள். பெரியப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் இடையே எப்படி இருந்தது என்பதை நான் விரித்து எழுதவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பெரியப்பாவின் அந்தப் பதிவை ஒரே ஒரு முறை வெளியே போட்டிருந்தால் ஊரில் அப்பா பக்கம் நியாயம் என்று ஆகியிருக்கும். அப்பாவைப் பற்றி, குடும்பக் கதையைக் காசுக்கு விற்றார் என்றுகூடச் சிலர் பேசினார்கள். அப்பா அதைப் போடவில்லை. சிவப்பு மையில் எழுதி மூடி வைத்தார்கள். கோபத்தில் நான், "போட்டுக் காட்டுங்கப்பா, எல்லாரும் வாய மூடிருவாங்க" என்று கத்தியிருக்கிறேன். "அண்ணாச்சி சரின்னு சொல்லலியே" என்பதுதான் பதில்.

கடைசி மாதங்களில் மூச்சுத் திணறல் அதிகமானது. தென்காசியில் மருத்துவமனையில் இருந்த நாட்களில் பேசுவதற்கே சிரமம். நோட்டை என்னிடம் கொடுத்து, அந்தச் சிவப்பு வரியைக் காட்டி, "அண்ணாச்சி சொல்லாம இத ஒருத்தருக்கும் போடாத. அழின்னு சொன்னா அழிச்சிரு" என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் அமைதியாகப் போய்விட்டார்கள்.

இந்த மலர் வேலையைத் தொடங்கியதும் நான் பெரியப்பா வீட்டுக்கு அந்தக் கருவியோடு போனேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அழி என்று சொன்னால் என் கையாலேயே அழிக்க வேண்டும். அப்பா சொன்னதைச் சொன்னேன். "போடு" என்றார்கள். போட்டேன். தன் குரலை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. அப்பா குரல் வருகிற இடங்களில்தான் தலையை நிமிர்த்தினார்கள். முடிந்ததும், "அவன் அண்ணாச்சிங்கானே, அந்த எடத்த இன்னொருக்கப் போடு" என்றார்கள். மூன்று முறை போட்டேன். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் சொன்னதுதான். சரி. அழிக்காத" என்றார்கள்.

இந்த வருடக் கொடையில் பேச்சியம்மாள் கோயில் முன்னால் மைக்கில் கிணற்றுப் பாட்டைப் பாடினார். கீழத்தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து வாங்கிப் பாடினார்கள். முதல் திருநீறு யாருக்கு என்று ஊர்க் கூட்டத்தில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பேசட்டும், பேசினால்தான் உண்மை வெளியே வரும். அப்பா பதிந்தவை எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துவிட்டோம். ஒப்புதல் ஆனவற்றை யார் கேட்டாலும் தருவோம்.

அப்பாவுக்காகப் பாடிய, கதை சொன்ன அத்தனை பேருக்கும் எங்கள் நன்றி. பேச்சியம்மாளுக்கு முதல் நன்றி. மருத்துவமனையில் முறை வைத்து உடனிருந்த அப்பாவின் பழைய காவல் நிலைய நண்பர்களுக்கும், இரவல் கேட்காமலே வண்டி கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், விடுப்பு எடுக்க முடியாமல் எல்லைக் காவல் பணியிலிருந்து தினமும் போனில் அழுத என் தம்பிக்கும் நன்றி. ஒப்பாரிக்கு வீட்டுக்குள் இடம் கொடுக்காமல், அப்பாவுக்கு மட்டும் எல்லா இடமும் கொடுத்த அம்மாவுக்கு நாங்கள் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்தக் கட்டுரையைப் பெரியப்பாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். எதையும் அடிக்கச் சொல்லவில்லை. "ஒரு வரி கொறையுது" என்றார்கள். எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தேன்.

"சாகுத வரைக்கும் நான் அவன்கிட்ட பேசல. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துட்டு, உள்ள வராம திரும்பிட்டேன். அதயும் போடு."

போட்டிருக்கிறேன், பெரியப்பா.