கோமதி தொட்ட மூக்கு

காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சு சொல்லிக்கொடுக்கப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியைகளுக்கு, நான் செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். தாராளமாகச் சிரியுங்கள். நீங்களும் செய்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

பாளையங்கோட்டைப் பள்ளியில் எனக்கு அது இரண்டாம் வருஷம். ஸ்ரீவைகுண்டத்தில் வாழை பயிரிடும் சங்கரலிங்க அண்ணாச்சி, தம் ஐந்து வயது மகள் கோமதியைக் கொண்டுவந்து விடுதியில் சேர்த்தார். பிறவியிலேயே காது கேளாது.

"ஆறு மாசம் பாப்பேன் டீச்சரம்மா. அதுக்குள்ள இவ அம்மையை ஒரு வாட்டி கூப்பிடலேன்னா கூட்டிட்டுப் போயிருவேன்," என்றார். பக்கத்தில் நின்ற தாயார் கோமதியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

'ம' சொல்லும்போது மூக்குத் தண்டு அதிரும். பிள்ளையின் விரலை ஆசிரியையின் மூக்கில் வைத்து அந்த அதிர்வைக் காட்டி, உடனே அதே விரலைப் பிள்ளையின் மூக்குக்கு மாற்ற வேண்டும். இதுதான் முறை. நான் முதல் பாதியை மட்டும் வெகு நேர்த்தியாகச் செய்தேன். நாலாம் மாதம் கோமதி என் மூக்கைத் தொட்டுக்கொண்டு "அம்மா" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளி முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

ஆறாம் மாதம் பெற்றோர் வண்டி கட்டி வந்தார்கள். கோமதி ஓடிப்போய்த் தாயைக் கட்டிக்கொண்டாள். கூப்பிடச் சொல்லிச் சைகை காட்டினேன். நேராக என்னிடம் வந்தாள். என் மூக்கைத் தொட்டு, என் முகத்தைப் பார்த்து "அம்மா" என்றாள்.

அந்தத் தாயின் முகத்தை என்னால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"நல்லா இருக்கு கதை! பெத்தவ இங்கன நிக்கா, ஒங்க மூக்கைத் தொட்டு அம்மாங்கா. ஊர்ல வந்து இவளுக்கு எவ மூக்கைக் கொடுப்பா?" என்ற அண்ணாச்சி மனைவி பக்கம் திரும்பி, "பெட்டியை எடுட்டி, போவோம்," என்றார்.

"தப்பு என் பேர்லதான் அண்ணாச்சி. இன்னும் ஒரு மாசம் கொடுங்க," என்று கெஞ்சினேன். அவர் மசியவில்லை. தாயார் கோமதியின் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி வண்டியை நோக்கி நடந்தார்.

அம்மா தன்னை விட்டுவிட்டுப் போகிறாள் என்றுதான் கோமதி நினைத்தாள். அவசரமாக என் மூக்குக்குக் கையைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள், தாயின் முதுகைப் பார்த்தாள். தூக்கிய விரலைத் தன் மூக்கிலேயே வைத்துக்கொண்டு "அம்மா!" என்று கத்தினாள்.

தாய் திரும்பினார். பெட்டி கீழே விழுந்தது.

கோமதி அசந்துபோனாள். முதுகு காட்டி நடக்கிறவரைத் தொடாமல், முன்னால் போய் நிற்காமல் திருப்ப முடியும் என்று அந்தக் குழந்தைக்கு அதுவரை தெரியாது. ஓடிவந்த தாயைப் பிடித்து, பழையபடி முதுகு காட்டி நிற்கவைத்தாள். "அம்மா!" தாய் திரும்பினார். மறுபடி நிற்கவைத்தாள். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. தாய் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே திரும்பிக்கொண்டிருந்தார். நானும் அழுதேன், மறைப்பானேன்.

வண்டியில் ஏறப்போன அண்ணாச்சி பைய வந்து பெட்டியை எடுத்தார். வகுப்பறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு என்னைக் கேட்டார்: "ஏன் டீச்சரம்மா, அப்பான்னு சொல்ல எங்கன தொடணும்?"

'ப'வுக்கு, வாய்க்கு முன்னால் பிடித்த புறங்கையில் காற்று மோதும் என்றேன். பாடத்தை அப்போதே தொடங்கினேன், இந்தத் தடவை கோமதியின் கையை அவள் வாய்க்கு முன்னாலேயே வைத்து.