பேசாத நோயாளி

திருப்பரங்குன்றத்தில், ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறேன். செவிலியர் கல்லூரியில் ஆசிரியன். ஊரடங்கின் இரண்டாம் ஆண்டு, வைகாசி பிறந்தபோது, என் வகுப்பு முழுவதும் கைப்பேசிக்குள் வந்து சேர்ந்திருந்தது. மனைவியும் செவிலியர்தான். குவைத்தில் வேலை. விமானம் இல்லாமல் அங்கேயே நின்றுவிட்டாள். கிழமையையும் வெயிலையும் அன்றன்று குறித்து வைப்பது என் பழக்கம். அந்த மாதத்துப் பக்கங்களில் வெயிலைத் தவிர வேறொன்றும் அதிகம் இல்லை.

பாடம் நடத்த ஒரு நோயாளி வேண்டும். கல்லூரியில் அதற்குப் பொம்மை உண்டு. வீட்டில் இருந்தது நீளத் தலையணை. என் பழைய சட்டையை அதற்கு மாட்டிக் கட்டிலில் கிடத்தினேன். கைப்பேசியை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, காய்ச்சல்காரருக்கு ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிடும் முறையைக் காட்டினேன். நெற்றி, அக்குள், கை, கால். தலையணை சமத்தாகக் கிடந்தது.

வீடியோ அழைப்பில் அதைப் பார்த்த மனைவி கேட்டாள். "யாருங்க அது கட்டில்ல?"

"நோயாளி."

"இங்க ஆள் பத்தாம நான் ஓடிக்கிட்டு இருக்கேன். நீங்க தலகாணிக்குக் காய்ச்சல் பாக்குறீங்களாக்கும்."

சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

இந்தச் செய்முறையில் ஒரு மாணவி ஏற்கெனவே ஒரு முறை தவறியிருந்தாள். சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்யும் குடும்பம். வெள்ளிக்கிழமை மறுதேர்வு. அதிலும் தவறினால் ஒரு வருடம் போய்விடும். தேர்வுக்கு முன்னால் வீட்டில் ஒருவருக்குச் செய்து பார்த்து வீடியோப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். திங்கட்கிழமை அனுப்பினாள்.

கயிற்றுக் கட்டிலில் அவளுடைய அப்பா படுத்திருந்தார். அவள் கைப்பேசியைப் பார்த்து ஒவ்வொரு படியையும் ஒப்பித்தாள். பிறகு, கண்ணைக் கைப்பேசியிலிருந்து எடுக்காமலேயே ஈரத்துணியை அவர் நெற்றியில் வைத்தாள். அவர் துள்ளி எழுந்துவிட்டார்.

"ஏத்தா, அம்புட்டையும் போனுட்டயே சொல்ற. படுத்துக் கெடக்கறது நானு. துணிய வைக்கப் போறேன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?"

"பேசாமக் கெடங்கப்பா. நோயாளி பேசக் கூடாது. சார் வீட்டு நோயாளி பேசவே மாட்டாரு."

படம் அங்கே முடிந்தது. மதிப்பெண் தாளில் முதல் படியே, செய்யப்போவதை நோயாளியிடம் சொல்லுவதுதான். மற்றவர்கள் அனுப்பியதையும் பார்த்தேன். எல்லோரும் கைப்பேசியிடமே பேசினார்கள். பிறகு நான் நடத்திய வகுப்பின் பதிவைப் போட்டுப் பார்த்தேன். வார்டில் வேலை பார்த்த காலத்தில், நினைவில்லாமல் கிடப்பவரிடம்கூடச் சொல்லிவிட்டுத்தான் தொடுவேன். இந்தத் தலையணையை நான் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் கீழே இறங்கி வீட்டுக்காரரிடம் கேட்டேன். சௌராஷ்டிரக்காரர், ஜவுளி வியாபாரம். கடை அடைத்துக் கிடந்தது. "அண்ணே, ஒரு மணி நேரம் நோயாளியாப் படுக்க முடியுமா?"

"குடியிருக்கிறவரு வீட்டுக்காரனைப் படுக்கப் போடுறது மதுரையிலேயே இதான் மொதத் தடவை" என்றார். ஆனால் உடனே முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு மாடியேறிவிட்டார்.

இந்த முறை வகுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். "அண்ணே, காய்ச்சலடிக்குதுல்ல, வெதுவெதுப்பான தண்ணியில தொடைக்கப் போறேன். குளுந்தா சொல்லுங்க" என்றேன். அவர் கையைப் பிடித்தேன். மனிதர் கை எவ்வளவு சூடாக இருக்கும் என்பது மறந்தே போயிருந்தது. துடைக்கும்போது அவர் தம் வீட்டு மொழியில் ஏதோ முனகினார். பிறகு, "சொகமா இருக்குனு சொன்னேன் சார்" என்றார். கைப்பேசிக்குள் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை, நானும் இன்னொரு ஆசிரியையும் மறுதேர்வைக் கைப்பேசியில் பார்த்தோம். மாணவி தன் கைப்பேசியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அப்பா, இப்ப நெத்தியில துணி வைக்கப் போறேன். வைக்கட்டுமா?"

"வையித்தா." கொஞ்சம் பொறுத்து, "இன்னைக்கு நல்லாத் தொடைக்கிற. அன்னைக்கு மாடு கழுவுற மாதிரி இருந்துச்சு" என்றார். ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். மாணவி தேறிவிட்டாள்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மனைவியின் கைப்பேசி அணைந்திருந்தது, பணி நேரம். கீழே வீட்டுக்காரர் கதவு பூட்டியிருந்தது. தம் தங்கை வீட்டுக்குப் போயிருப்பார். மாடிக்குத் திரும்பி வந்தேன். தலையணை என் சட்டையோடு கட்டில் ஓரம் கிடந்தது. இனி அது எதற்கும் தேவையில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து, "சட்டையைக் கழட்டப் போறேன்" என்று சொன்னேன். சொல்லிவிட்டு மேல் பொத்தானிலிருந்து கழற்றினேன்.