நான் பார்த்தால் விக்கெட் விழும்

டீக்கடையில் மேட்ச் ஓடினால் என்னை உள்ளே விடமாட்டார்கள். முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெருவுக்கே தெரிந்த சங்கதி இது. நான் திரையைப் பார்த்தால் நம் பக்கம் ஒரு விக்கெட் விழும். "மச்சான், அந்தாண்ட திரும்பி நின்னு டீ குடி" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே திரும்பி நிற்பேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், இதற்கெல்லாம் எதிர்த்துப் பேசத் தெரியாது. கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா என்று தெருமுனையிலிருந்து மூன்று முறை திரும்பி வருகிற ஆளுக்கு இதை நம்புவதும் கஷ்டமில்லை.

மனைவி முதல் முறை உண்டானபோது ஸ்கேன் அறைக்குள் போகும்வரை அது வெறும் விளையாட்டாகத்தான் இருந்தது. திரையில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். டாக்டரம்மாவின் கை அப்படியே நின்றது. துடிப்புச் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். ஒன்றுமே கேட்கவில்லை.

இரண்டாவது முறை ஸ்கேன் அறைப் பக்கமே நான் போகவில்லை. பெண் குழந்தை. ஏழாம் மாதமே அம்பத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பிறந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். வராந்தாவிலிருந்தே பார்க்கும்படி பெரிய கண்ணாடிச் சுவர் இருந்தது. பத்து நாளும் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தேன். மாடி வார்டில் மனைவிக்குத் தையல் பழுத்துக் காய்ச்சல். "யோவ், பாத்தியா? மூக்கு அப்படியே உன்னுது" என்பாள். "பாத்தேன்" என்பேன்.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நர்ஸ் வந்து, "அம்மாவுக்கு இன்னும் காய்ச்சல் விடல சார். கொழந்தைக்கு உடம்புச் சூடு வேணும். நாளைக்குக் காலைல நீங்க குளிச்சிட்டு வாங்க. சட்டையக் கழட்டிட்டு நெஞ்சோட வெச்சிக்கினு ஒரு மணி நேரம் உக்காரணும்" என்றார். கண்ணாடிச் சுவர் பக்கம் திரும்பாமலே தலையை ஆட்டினேன்.

எதிர் பெஞ்சில் இருந்த ஆள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பூந்தமல்லியில் செருப்புக் கடை வைத்திருப்பவர் என்று யாரோடோ போனில் பேசும்போது காதில் விழுந்திருந்தது. மூன்று நாள் முன்பு மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார். அதுவரை நாங்கள் பேசியதில்லை. எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணாத்தே, மேட்ச் பாப்பீங்களா?"

"பாக்கமாட்டேன் பாய்."

"இன்னிக்கு மூணரைக்கு சேப்பாக்கத்துல கீது. டிக்கெட் கீது, நான் எங்க போறது, பொண்டாட்டி மேல வலில கீறா. போனை எடு, அனுப்பி வுடறேன்."

"வேணாம் பாய். நான் போனா தோத்துடும்."

"ஏன், நீதான் பேட் புடிக்கப் போறியா? சும்மா போய்க் காத்து வாங்கினு வா. மூணு நாளா செவுத்துக்கு முதுகக் காட்டிக்கினு கீற. உன்னப் பாத்தா எனக்கே பயமா கீது."

என் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை.

ரயிலில் போகும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. இன்றைக்குக் கண்ணைத் திறந்து பார்ப்பேன். ஜெயித்தால் நாளைக்குக் குழந்தையை வாங்கிக்கொள்வேன். தோற்றால் மனைவியின் தம்பியை வரச் சொல்லிவிடுவேன். எனக்குள் நானே கட்டிய பந்தயம் அது. யாரிடமும் சொல்லவில்லை.

முதல் பாதியில் எதிரணி ஆடியது. எல்லோரையும்போல நானும் பார்த்தேன். நம் பக்கம் ஆடத் தொடங்கியதும் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு பந்தயம் ஞாபகம் வந்து நிமிர்ந்தேன். ஸ்டம்ப் பறந்தது. மறுபடி குனிந்தேன். அரை மணி நேரம் நன்றாகப் போனது. நிமிர்ந்தேன். கேட்ச்.

கடைசி மூன்று ஓவர் வந்தபோது முன் வரிசையில் இருந்த அம்மா திரும்பி, "யாரும் அசையாதீங்கப்பா. இப்படியே இருந்தாத்தான் அடிக்கிறான்" என்றார். யாரும் அசையவில்லை. பக்கத்து ஆள் தண்ணீர் பாட்டிலை வாய்வரை தூக்கியவர் குடிக்காமலே வைத்திருந்தார். பின்னால் ஒரு பையன் ஒற்றைக் காலில் நின்றான். எங்கள் வரிசை மட்டுமல்ல, கேலரி முழுக்க அப்படித்தான் இருந்தது. அத்தனை ஆயிரம் பேர் பாதிக் கையைத் தூக்கியபடி, பாதி எழுந்தபடி, சிலை மாதிரி. பந்து மட்டையில் படுகிற சத்தம் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. ஸ்கேன் அறையின் அமைதி அது. கண்ணைத் தாழ்த்திச் செருப்பையே பார்த்தேன். வார் பிய்ந்த இடத்தை மட்டும் பார்த்தேன்.

விக்கெட் விழுந்தது.

நான் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பந்தில் ஆட்டமும் முடிந்து, தோற்றுவிட்டோம். பாட்டில்காரர் மெல்லச் சொன்னார்: "என்னாலதான் சார். ஒரு முழுங்கு முழுங்கிட்டேன்." முன்னால் இருந்த அம்மா, "இல்லப்பா, நான்தான் திரும்பிட்டேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஒற்றைக் காலில் நின்ற பையன் இரண்டு காலையும் ஊன்றி, யாரையும் பார்க்காமல் நின்றான்.

சென்ட்ரலில் ஆவடி ரயில் ஏறினேன். பெட்டி முழுக்க மஞ்சள் சட்டை. "நான் பாத்ரூம் போனேன் மாமே, அங்கதான் போச்சு." "டேய், ஊட்லேந்து அம்மா போன் பண்ணுச்சு, எடுத்துத் தொலைச்சேன்." ஒவ்வொருவராக, தாழ்ந்த குரலில், ஒரே குற்றத்தை ஆளுக்கு ஆள் ஒப்புக்கொண்டு வந்தார்கள். வில்லிவாக்கத்தில் இறங்கினவர்கள் விட்டதை அம்பத்தூரில் ஏறினவர்கள் தொடர்ந்தார்கள். இத்தனை பேரும் எத்தனை காலமாக இப்படி எதற்கோ பயந்து அசையாமல் இருக்கிறார்கள்? அதில் எனக்கு எவ்வளவு பங்கு? பந்தயத்தில் நான் தோற்றிருந்தேன், அது மட்டும் தெரிந்தது. மனைவியின் தம்பிக்குப் போன் போட எண்ணை எடுத்தேன். பிறகு போடவில்லை.

காலையில் குளித்துவிட்டுப் போனேன். வராந்தாவில் பாய் நின்றிருந்தார். அவருக்குப் பையன் பிறந்திருந்தான்.

"தோத்துடுச்சு பாய்."

"தெரியும். நான் டிக்கெட்டைக் குடுத்தேன் பாரு, அங்கியே போச்சு. நான் போயிருந்தா அடிச்சிருப்பானுங்க." நிஜமாகவே வருத்தமாகச் சொன்னார்.

நான் உள்ளே போனேன். நர்ஸ் நாற்காலியில் உட்காரவைத்து, சட்டையைத் திறந்து, அவளை என் நெஞ்சில் வைத்தார். ஈரத் துணி அளவு கனம். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அவள் இதயத் துடிப்பைக் காட்டும் கருவி பக்கத்தில் பீப், பீப் என்றது. ஒரு இடத்தில் கொஞ்சம் தாமதித்தது. மூச்சு நின்றது எனக்கு. மறுபடி பீப்.

"ஆடாம உக்காருங்க சார். தூங்குறா."

கண்ணைத் திறந்து பார்த்தேன். மூக்கு என்னுடையதுதான். பீப் சத்தம் நிற்கவில்லை. நிற்குமோ என்று ஒவ்வொரு பீப்புக்கும் காத்திருந்தேன், பார்த்துக்கொண்டே. கால் மரத்துப்போனது. நான் அசையவில்லை.