பத்மாவதி அம்மா வேகத்தைக் குறைக்கவில்லை

அன்று காலையில் என் கம்ப்யூட்டர் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது பத்மாவதி அம்மாவின் கணவர் நடராஜன் போனில் அழைத்தார். "ஏனுங்க, அம்மணி போயிட்டாளுங்க" என்றார். பாதி தூக்கிய ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, காந்திபுரத்திலிருந்து சிங்காநல்லூருக்குப் பஸ் ஏறினேன்.

துக்க வீட்டில் நம் ஓவர்கிளாக்கிங் குழு நண்பர்கள் நீங்களும் இருந்தீர்கள். பத்மாவதி அம்மா பொறுமைசாலி, அனுசரித்துப் போகிறவர் என்று பேசிக்கொண்டீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைச் சொல்கிறீர்கள்? வாரமெல்லாம் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை நடத்திவிட்டு, ஞாயிறானால் ஓவர்கிளாக்கிங் என்று கம்ப்யூட்டரை அதன் கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல் விரட்டி, அது நின்றுபோனால் அதோடு சண்டை போட்ட பெண்மணியையா? செத்தவர் எழுந்து மறுக்கமாட்டார் என்ற தைரியத்தில் ஆளையே மாற்றிவிடாதீர்கள்.

போன ஆயுத பூஜையை நினைத்துப் பாருங்கள். நடராஜன், பட்டறையில் இருந்த ஸ்பானர், மீட்டர், மோட்டார் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தார். பக்க மூடி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்ததும் அதன் மதர்போர்டுக்கும் வைத்துவிட்டார். ஈரச் சந்தனம் வழிந்து போர்டு செத்தது. மனுஷன் முழித்த முழி இருக்கிறதே! பத்மாவதி அம்மா அவரைப் பார்த்து, "பொட்டு வெச்சதுல தப்பில்லீங்க. கரண்ட நிறுத்தாம வெச்சுப்போட்டீங்க பாருங்க, அதான் தப்பு" என்றார். எல்லோருக்கும் பொரி கொடுத்துவிட்டு, மறுநாளே புது போர்டு பார்க்க என் கடைக்கு வந்தார்.

இருப்பதிலேயே அழகானதை எடுத்து வைத்தேன். ஓரமெல்லாம் வண்ண விளக்கு. "ஏனுங் மொதலாளி, நோம்பிக்கு சீரியல் செட்டு வாங்கவா வந்திருக்கறேன்?" என்று தள்ளி வைத்தார். ப்ராசஸருக்குக் கரண்ட் கொடுக்கும் பகுதி எவ்வளவு தாங்கும், அந்தச் சூடு வெளியேற என்ன வழி, பயாஸ் அமைப்புத் திரையில் வோல்டேஜைச் சிறுகச் சிறுக ஏற்ற விடுமா, போர்டின் சிப்செட் வேகத்தை ஏற்ற விடாமல் பூட்டி வைத்திருக்கிறதா என்று என்னைக் குடைந்தெடுத்தார். கடைசியில் ரேமுக்கு இரண்டே ஸ்லாட் உள்ள, விளக்கே இல்லாத ஒரு போர்டைக் கையில் எடுத்தார்.

"நாலு ஸ்லாட்டுன்னா பின்னாடி ரேம் சேக்கறதுக்கு ஆகுமுங்கம்மா" என்றேன்.

"பின்னாடிக்கு நீங்க வெச்சுக்கங்க. எனக்கு இப்ப வேகம் வேணும். ஒரே பைப்புல நாலு ஊட்டுக்குத் தண்ணி உட்டா, எந்த ஊட்டுலயும் வேகமா உழுகாதுங்க."

அந்த மாதமே மருத்துவர் அவர் இதயம் பலவீனமாகிவிட்டது என்றார். நாம் சிலர் போய், கொஞ்சம் மெதுவாகப் போகச் சொன்னோம். "மெதுவாப் போனா மட்டும் வேற எடத்துக்கா போகப்போறேன்?" என்று கேட்டார். பட்டறையையும் விடவில்லை, ஞாயிற்றுக்கிழமையையும் விடவில்லை. வாராவாரம் ரேம் வேகத்தை ஒரு படி ஏற்றினார். கடைசியாக ஏற்றிய படியில், நிற்காமல் ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனை பாதியில் ஹேங் ஆகி நின்றது. அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்த ஞாயிறு வருவதற்குள் போய்விட்டார்.

காரியம் முடிந்தபின் நடராஜன் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். "இதையச் சாதா வேகத்துக்கு மாத்திக் குடுங்க. பட்டறைக் கணக்குக்கு ஆகும். அவளே இல்லீங்க, இது எதுக்கு இந்த ஓட்டம் ஓடோணும்?"

"முடியாதுங்க" என்றேன். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "அம்மா பாதியில உட்டிருக்கறாங்க. மொதல்ல அதைய முடிப்போம்."

வோல்டேஜைத் துளி ஏற்றிச் சோதனையைத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத் திரை உறைந்து நின்றது.

"அவ்வளவுதானுங்களா?" என்றார் நடராஜன்.

"அம்மாவா இருந்தா இப்ப என்னங்க பண்ணுவாங்க?"

யோசித்தார். "திட்டுவா. திட்டிப்போட்டு மறுக்கா ஆரம்பிப்பா."

"அப்பத் திட்டுங்க."

வாழ்நாளில் யாரையும் அதட்டிப் பேசாத அந்த மனிதர், என் கடை நடுவில் நின்று அந்தப் பெட்டியைத் திட்டினார். திட்டத் திட்ட அழுதார். வாடிக்கையாளர் இரண்டு பேர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மறுக்கா ஆரம்பிங்க" என்றார்.

அன்று சோதனை முடியவில்லை. சாதா வேகத்துக்கு மாற்றச் சொல்லாமலே பெட்டியை என் மேசையில் விட்டுவிட்டு, "ஞாயித்துக்கெழம வாரேனுங்க" என்று சொல்லிப் புறப்பட்டார்.

பத்மாவதி அம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பிடிவாதம் ஒன்றைத்தான். நோயைக் காட்டியோ சாவைக் காட்டியோ யாராவது மெதுவாகப் போகச் சொன்னால், இனி என் காதிலும் விழாது. அவருடைய ஆத்மா அமைதியடையட்டும் என்று நம் குழுவில் ஒருவரும் எழுத வேண்டாம். அவர் அமைதியைக் கேட்கவில்லை.