சைவ மீன்கள்

என் உப்புச் சாடிக்கு ஒரு பழைய சிலேட்டுதான் மூடி. மரச்சட்டம் கிடையாது, ஒரு மூலை உடைந்திருக்கும். அதைத் தூக்கி எறிந்துவிட்டு நல்ல மூடியாக வாங்கலாம் என்று மருமகள் நச்சரிக்கிறாள். இருக்கட்டும் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அதன்மேல் மீன்கள் முட்டையிட்டன என்று சொன்னால், மாமியாருக்குப் புத்தி பிசகிவிட்டது என்பாள்.

மூத்தார், அதாவது என் கணவரின் அண்ணன், இலுப்பூரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அறுபதுகளில், நான் அந்த வீட்டுக்கு வாழ வந்த புதிதில், சரக்கெடுக்க மதராஸ் போனவர் டின் நிறையத் தண்ணீரில் இரண்டு மீன்குஞ்சுகளோடு வந்து இறங்கினார். தென் அமெரிக்கச் சாதியாம், ஆஸ்கார் என்று பெயராம். விரல் நீளம் இருந்தவை, இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டிக்குள் வளர்ந்து உள்ளங்கையை மிஞ்சிவிட்டன. கறுத்த உடம்பில் தணல் சிதறிய மாதிரி சிவப்புத் திட்டுகள். தட்டையான இடத்தில்தான் முட்டையிடும் என்று விற்றவன் சொன்னானாம். ஒரு சிலேட்டின் சட்டத்தைக் கழற்றி உள்ளே கிடத்தினார்.

அது புழுவும் பூச்சியும் சின்ன மீனும் தின்கிற மீன். எங்கள் வீடோ முட்டைகூட நுழையாத சைவ வீடு. மூத்தார் பொரியும் இட்லித் துணுக்கும் போட்டுப் பழக்கினார். பசிக்குத் தின்றன, வேறென்ன செய்யும்? அதைப் போய் இவர் பெருமையாக்கிக்கொண்டார். "எங்க வீட்ல மீனும் சைவந்தாங்க" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். குடுமியான்மலைக் கோயிலுக்கு வந்தவர்கள்கூட அப்படியே எங்கள் வீட்டையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

முட்டையும் இட்டன. சிலேட்டு முழுக்கக் கசகசா ஒட்டியது போல வரிசை வரிசையாக. மறுநாள் பார்த்தால் ஒன்றுகூட இல்லை, பெற்றதுகளே தின்றுவிட்டிருந்தன. அடுத்த முறையும் அப்படியே. மூத்தாரின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சிவதீட்சை வாங்கியவர், பூசை முடிக்காமல் பச்சைத்தண்ணீர் குடிக்க மாட்டார். அவர் தொட்டி முன்னால் குந்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம்டி, வயிறு காஞ்சு கெடக்குதுக. நாம பண்ற பாவத்த அதுக மேல போடுறோம்" என்றார். அன்றிலிருந்து கொல்லையில் வாழைக்கடியில் மண்புழு தோண்டி, கொட்டாங்குச்சியில் அலசி, தன் கையாலேயே போடுவார். பிறகு கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் பூசைக்குப் போவார்.

கோடை வந்து மண் இறுகியும் புழுவுக்குப் பஞ்சமில்லை. காரணத்தை ஒருநாள் விடியற்காலையில் நானே பார்த்தேன். மூத்தார் வாழைக்கடியில் தண்ணீர் ஊற்றி, நனைத்த சாக்கை மேலே விரித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல நழுவிப் போனார். ஈரச் சாக்குக்கடியில் புழு தானாக மேலே வரும். அக்காவிடம் சொன்னேன். சிரித்தார். "எனக்குத் தெரியும். நீ தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. மனுசன் கூச்சப்படுவாரு." அவர் சிரித்ததில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது. அதற்கப்புறம் இட்ட முட்டைகளை மீன்கள் தொடவில்லை. துடுப்பால் விசிறி விசிறிக் காத்தன. குஞ்சு பொரித்தன.

மூத்தாருக்குத் தலைகால் புரியவில்லை. கார்த்திகைச் சோமவாரத்தன்று பூசைக்கும் சாப்பாட்டுக்கும் சொந்தக்காரர்களை அழைத்து, எல்லோரையும் தொட்டி முன்னால் நிறுத்திப் பொரியைத் தூவினார். மீன்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து அக்கா காப்பித் தட்டோடு வந்தார். அவர் நடக்க நடக்க, இரண்டு மீனும் கண்ணாடியை முட்டிக்கொண்டு அவர் பக்கமாகவே ஓடின. மூத்தாரின் தாய்மாமன் சும்மா இருக்கிறவரா? "என்னப்பா, ஒன் பொண்டாட்டி பின்னாடியே திரியுதுக? ஏத்தா, நீ என்ன போடுற?"

அக்காவுக்குப் பொய் வராது. "மண்புழுங்க" என்றார்.

காப்பியை யாரும் தொடவில்லை. "பூசை பண்ற கையாலயா?" என்றார் மாமன். அக்கா மூத்தாரைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் நின்று நானும் அவரைத்தான் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்கும் தெரியும் என்று. அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டே, "சாமி சத்தியமா எனக்குத் தெரியாதுங்க மாமா" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். மூத்தார் சொன்ன பொய்க்கு நான் கூசிப்போனேன். அத்தனை பேரும் சாப்பிடாமல் போனார்கள். ஆக்கிய சோறு மாட்டுக் கழுநீர்த் தொட்டிக்குப் போயிற்று.

மீன்களைக் குஞ்சுகளோடு யாரோ புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். அக்காவைப் பூசையறைக்குள் போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அவராகத்தான் நிறுத்திக்கொண்டார். வாசலில் நின்றபடியே கும்பிடுவார். அந்த வாசலைக் கடந்து போகும்போதெல்லாம் மூத்தார் துண்டை உதறுவது போல முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடைசிவரை இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதாக நான் அறியேன்.

மூத்தாரோடு தம்பி மனைவி நேருக்கு நேர் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் பேசியது ஒரே ஒரு முறை. அக்கா இறந்து காரியமெல்லாம் முடிந்த பிறகு, காலித் தொட்டியருகே உட்கார்ந்திருந்தார். நான் தரையைப் பெருக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனபோது, தலை நிமிராமல் கேட்டார்.

"சாக்குப் போட்டது நாந்தான்னு ஒங்க அக்காவுக்குத் தெரியாதுல்லம்மா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கு வாசலில் நின்று கும்பிட்ட அக்காதான் கண்ணில் நின்றார்.

"தெரியுங்க. அன்னைக்கும் தெரியும்."

மூத்தார் தொட்டிக்குள் கைவிட்டு, தூசி படிந்த சிலேட்டை எடுத்துத் தரையில் வைத்தார். வைத்த வேகத்தில் மூலை உடைந்தது. "இத எங்கிட்டாவது கொண்டுபோயிரும்மா, என் கண்ணுல படாம" என்றார்.

கொண்டுவந்தேன். எறியத்தான் மனம் வரவில்லை.