புரியாமல் அழுத்திய கட்டைவிரல்

எங்கள் வருசநாட்டுப் பக்கம் ஆடு வளர்க்கும் பெண்களுக்குக் கால்நடை டாக்டரம்மா ஒருவர் செல்போனில் வகுப்பு நடத்துகிறார். குடற்புழு மருந்து பற்றிச் சொன்ன அன்று எனக்குப் பாதி புரியவில்லை. கேட்கக் கூச்சப்பட்டு, எல்லாரையும் போலப் புரிந்தது என்று கட்டைவிரல் படத்தை அழுத்திவிட்டேன். மறுநாள் தாயாட்டுக்குக் கொடுத்த அளவையே குட்டிக்கும் ஊற்றினேன். பொழுது சாய்வதற்குள் குட்டி செத்துப்போனது. அதன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வகுப்பில் டாக்டரம்மா விசாரித்தபோது குட்டி செத்ததைச் சொன்னேன்.

"எடைக்குத் தக்கன குடுக்கணும்னேனே! புரிஞ்சதுன்னு விரலக் காட்டுனீகளே ஆத்தா?"

"எல்லாரும் காட்டுனாக தாயி..."

"எனக்கும் வெளங்கல மதினி. ஒங்க விரலப் பாத்துத்தான் நானும் அமுக்குனேன்" என்றாள் பக்கத்துத் தெரு பேச்சியம்மாள்.

இப்போது டாக்டரம்மா ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்லச் சொல்கிறார். என் முறை வரும்போது புரியாமலிருந்தால், கூச்சமாக இருந்தாலும், "புரியல, இன்னொருக்கா சொல்லுங்க" என்று கேட்டுவிடுகிறேன்.